கலந்த வகுப்பில் சரித்திரம்: நாலு வழியில் எதை எடுப்பது?

போன மாதம் இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் இங்கே மலேசியாவில் சுங்கைப்பட்டாணிப் பக்கம் இளைஞர் மன்றம் நடத்தும் தம்பி, இன்னொருவர் இடைநிலைப்பள்ளியில் சரித்திரம் எடுக்கும் டீச்சர். டீச்சரின் வகுப்பில் தமிழ்ப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை, சீனப் பிள்ளை மூவரும் இருக்கிறார்கள். பழைய கதை எதையாவது எடுத்தால் ஒரு மூலையில் சிரிப்பு, இன்னொரு மூலையில் முறைப்பு. தம்பியின் மன்றத்தில் எல்லாரும் தமிழ்ப் பிள்ளைகள், அங்கே முறைப்பதற்கு ஆளில்லை, எல்லாவற்றுக்கும் கைதட்டல்தான். பாடநூலை ஒப்பிக்க வைத்துவிட்டு மணி அடித்ததும் கிளம்பிவிடலாமா, பேச விடலாமா, விட்டால் எப்படி விடுவது, இதுதான் இருவருக்கும் குழப்பம்.

நான் பீடோங்கில் சனிக்கிழமை டியூசன் எடுக்கிறவன். கடைவீட்டு மாடி, ஓடினாலும் ஓடாததுபோல இருக்கும் இரண்டு ஃபேன், இருபது பிள்ளைகள் போல வருவார்கள். பாதிக்கு மேல் தமிழ், மற்றவர்கள் கம்பம் என்னும் கிராமத்திலிருந்தும் தாமான் குடியிருப்பிலிருந்தும். தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி, தேசியப்பள்ளி என்று தனித்தனி வாசலில் நுழைந்தவர்கள், பன்னிரண்டு வயது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான படிவம் ஒன்றில்தான் முதல் சந்திப்பு. அதற்குள் ஒவ்வொருவர் தலையிலும் ஒரு சரித்திரம் குடியேறிவிட்டது: வீட்டில் கேட்டது, கோவில் திருவிழா மேடையில் கேட்டது, இப்போது வாட்சாப்பில் வருவது.

கீழே சொல்லும் நாலு வழியையும் செய்து பார்த்திருக்கிறேன். இரண்டில் சூடு பட்டிருக்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் வகுப்பில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். கலந்த வகுப்புக்கு நல்ல வழி, ஓரினப் பிள்ளைகள் மட்டும் உள்ள வகுப்புக்குக் கெட்ட வழியாகலாம்.

அப்புறம் தேர்வு. 2013 முதல் சரித்திரத்தில் தேறாவிட்டால், படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம் தேர்வின் சான்றிதழே கிடையாது. "சிந்திக்கக் கற்றுக்கொடுத்தேன்" என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பிள்ளை கோட்டை விட்டால் அதன் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது?

ஆசிரியரின் நேரம் மூன்றாவது. இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, ஆனால் முக்கால்வாசி முயற்சிகள் நின்றுபோவது இதனால்தான்.

நாலாவது எல்லை. 1948ஆம் ஆண்டுத் தேச நிந்தனைச் சட்டம் இன்னும் இருக்கிறது. 1969 மே இனக்கலவரத்துக்குப் பிறகு அதைத் திருத்தி, குடியுரிமை, தேசிய மொழி, மலாய்க்காரர்களின் சிறப்பு நிலை, சுல்தான்களின் இறைமை ஆகியவற்றைக் கேள்விக்குள்ளாக்குவதையும் குற்றமாக்கினார்கள். வகுப்பு எங்கே போய் முட்டும் என்பதை ஆசிரியர் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். தெரியாமல் போய் முட்டுகிறவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று, எனக்கு இதுதான் கனம் அதிகம். வகுப்பு முடிந்து மாடிப்படி இறங்கும் பிள்ளை, தன் வீட்டுக் கதையைப் பார்த்து "இது நமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கிறதா? அடுத்தவன் கதையைச் சந்தேகிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அது தானாகவே வரும்.

## வழி 1: பாடநூல் மட்டும்

படிவம் ஐந்து, எஸ்.பி.எம்முக்கு மூன்று மாதம் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். தயாரிப்பு குறைவு, புகார் வராது, மதிப்பெண் வரும்.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், பிள்ளைக்கு இரண்டு சரித்திரம் ஆகிவிடும். ஒன்று தேர்வுக்கு, இன்னொன்று நெஞ்சுக்கு. இரண்டும் சந்தித்துக்கொள்வதே இல்லை. தேர்வுத்தாளில் சரியாக எழுதிவிட்டுக் கீழே இறங்கி ஒட்டுக்கடையில் தே தாரிக் குடிக்கும்போது "அதெல்லாம் சும்மா, உண்மை வேற" என்று பேசும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். ருவாண்டாவில் 1994 இனப்படுகொலைக்குப் பிறகு பள்ளியில் நாட்டுச் சரித்திரம் நடத்துவதையே நிறுத்தி வைத்தார்கள். எதை எப்படிச் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை, நியாயம்தான். ஆனால் பள்ளி வாயை மூடிக்கொண்டால் வீடும் தெருவும் மூடிக்கொள்வதில்லை.

"எல்லா இனத்தவரும் சேர்ந்து ஒரு நல்ல பாடநூல் எழுதினால் தீர்ந்துவிடுமே" என்பார்கள். தீரலாம். பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து எழுதிய உயர்நிலைப்பள்ளிப் பாடநூலின் முதல் பாகம் 2006இல் வந்தது, போர் முடிந்து அறுபது ஆண்டு கழித்து. ஜெர்மனியும் போலந்தும் 1972இல் பாடநூல் குழு அமைத்தன, கூட்டுப் பாடநூலின் முதல் பாகம் வெளிவந்தது 2016இல். உங்கள் வகுப்பு அடுத்த செவ்வாய்க்கிழமை.

## வழி 2: இரண்டு கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது

இதற்கு உலகமறிந்த உதாரணம் இஸ்ரேல்-பாலஸ்தீனம். டான் பார்-ஓன், சமி அத்வான் என்ற இரண்டு கல்வியாளர்கள் இரு தரப்பு ஆசிரியர்களையும் கூட்டி வைத்துச் செய்தது. 2003இல் முதல் கையேடு. ஒரு பக்கம் இஸ்ரேலியர் சொல்லும் கதை, மறுபக்கம் பாலஸ்தீனர் சொல்லும் கதை, நடுவில் வெறும் கோடுகள், மாணவர் எழுதுவதற்கு. 1948 என்றால் ஒரு பக்கத்தில் சுதந்திரப் போர், மறுபக்கத்தில் நக்பா என்னும் பேரழிவு. இரண்டு அரசுகளுமே அதைப் பள்ளிக்குள் ஏற்கவில்லை. இருந்தாலும் அந்த நடுக்கட்டம் இருக்கிறதே, அந்த வெற்றிடம், அதை யோசித்தவருக்குக் கும்பிடு போட வேண்டும்.

நானும் செய்தேன். எடுத்துக்கொண்டது அவசரகாலம், பிரிட்டிஷ் அரசாங்கமும் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் படையும் மோதிய காலம், நம் பெரியவர்கள் "கம்யூனிஸ்ட் காலம்" என்பார்களே, அது. 1948 ஜூன் 16 சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதில் தொடங்கி 1960 ஜூலை 31 வரை. தாளை இரண்டாக மடித்து அரசாங்கம் சொன்னது ஒரு பக்கம், காட்டுக்குள் இருந்தவர்கள் சொன்னது மறுபக்கம் என்று கொடுத்தேன். பத்து நிமிடத்தில் வகுப்பு தானாகவே நாற்காலியை நகர்த்தி இனம் இனமாகப் பிரிந்துவிட்டது. ஒரு தமிழ்ப் பையன் மட்டும் நடுவில் நின்றுகொண்டு, "சார், நான் எந்தப் பக்கம் எழுதணும்?" என்றான்.

என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் இல்லை. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார், அவர் தமிழர். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டு அரிசியை அளந்து கொடுத்தபோது உள்ளே இருந்தவர்களும் தமிழர், அரசாங்கச் சம்பளம் வாங்கிய காவலர்களிலும் தமிழர் உண்டு. மலாய்க்காரர் என்றால் அரசாங்கப் பக்கம் என்று நினைத்தால் கம்யூனிஸ்ட் படையின் பத்தாவது ரெஜிமெண்ட் மலாய்க்காரர்களால் ஆனது. சீனர் என்றால் காடு என்று நினைத்தால், காட்டுக்குள் உதவி போகாதபடி அரசாங்கம் அமைத்த புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்ட ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரில் மிகப் பெரும்பாலோர் சீனக் குடியானவர்கள், துப்பாக்கியைத் தொட்டே இராதவர்கள்.

இதன் மறைசெலவு இதுதான். இரண்டு கட்டம் போட்டால் உலகம் இரண்டாக இருப்பதாகப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. இரண்டு தேசங்கள் மோதும் இடத்துக்குப் பொருந்தும் தாள், நாலு பேர் ஒரே வாய்க்கால் தண்ணீரைக் குடித்த தோட்டத்துக்கு அப்படியே பொருந்தாது. பிறகு மாற்றினேன். இனத்தை எடுத்துவிட்டு நின்ற இடத்தை வைத்தேன்: பால்மரம் வெட்டுகிறவர், பங்களாவில் இருக்கும் துரை, வாசலில் நிற்கும் காவலர், காட்டுக்குள் இருப்பவர். கூட நடுக்கட்டமும். அப்போது பரவாயில்லை, நாற்காலிகள் அதே இடத்தில் இருந்தன.

எப்போது இது சிறந்தது? பிள்ளைகள் ஒருவரையொருவர் ஓரளவு பழகிய பிறகு, ஆண்டின் பிற்பகுதியில். முதல் மாதத்தில் வேண்டாம்.

## வழி 3: சான்றைக் கையில் கொடுத்துக் கேள்வி கேட்க வைப்பது

எனக்குப் பிடித்தது இது, அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பீடோங்கிலிருந்து மெர்போக் கிட்டத்தில்தான். பூஜாங் பள்ளத்தாக்கு, அருங்காட்சியகம், புக்கிட் பத்து பகாட் சண்டி என்னும் பழங்கோவில் எல்லாம் அங்கே. நம் பையன்களுக்கு இந்த இடம் "கடாரம்", சட்டையிலேயே "கடாரம் கொண்டான்" என்று அச்சடித்துக்கொண்டு வருவார்கள். மலாய்ப் பிள்ளைகளுக்கு இதே இடம் "கெடா துவா", அதாவது பழைய கெடா, சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய பழைய நாகரிகம், தங்கள் ஊரின் பெருமை. இராசேந்திர சோழன் கடாரத்தின் மீது படையெடுத்தது 1025இல்; ஒருவன் பெருமைப்படும் அந்த ஆண்டு இன்னொருவன் ஊர் தாக்கப்பட்ட ஆண்டு. ஆயிரம் ஆண்டு கடந்துவிட்டதால் யாருக்கும் இரத்தம் கொதிக்காது, ஆனால் லேசாகச் சுடும். பழகுவதற்குச் சரியான சூடு.

நாலு தாள் கொடுப்பேன். முதலாவது இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, "அலைகடல் நடுவுட் பலகலஞ் செலுத்தி" என்று கடாரத்து அரசனைப் பிடித்ததைச் சொல்லும் பகுதி. இரண்டாவது ஆனைமங்கலச் செப்பேடு. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் கட்டிய புத்த விகாரத்துக்கு இராசராசன் 1006 வாக்கில் ஒரு ஊரையே கொடுத்த செய்தி. அந்தக் கொடையைச் செப்பேட்டில் வெட்டுவித்தது யார் தெரியுமா, இதே இராசேந்திரன். மூன்றாவது 1090ஆம் ஆண்டுச் சிறிய செப்பேடு. கடாரத்து அரசனின் தூதர்கள் வந்து கேட்க, அதே விகாரத்து ஊர்களுக்குக் குலோத்துங்கன் வரிவிலக்குக் கொடுக்கிறான். நாலாவது தாளில் சண்டியின் படம், எழுத்தே இல்லாமல்.

முதல் தாளை மட்டும் படித்தால் படையெடுப்பு. மூன்றையும் படித்தால் நட்பு, அடிதடி, மறுபடி நட்பு. "அப்படின்னா ஏன் சார் அடிச்சாங்க?" என்று ஒரு பெண் கேட்டாள், அங்கே பாடம் தொடங்கியது. இன்னொருத்தி, மலாய்ப் பிள்ளை, தாக்கப்பட்டவர்கள் எழுதி வைத்தது இதில் எந்தத் தாள் என்று கேட்டாள். எதுவும் இல்லை. நாம் படித்துக்கொண்டிருந்தது வென்றவர் தன் புகழைச் சொல்லக் கல்லில் வெட்டியது. சட்டை போட்டிருந்த பையனே கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துவிட்டு, "இது தேர்தல் போஸ்டர் மாதிரிதான் சார்" என்றான். அவன் சட்டையைக் கழற்றவில்லை, கழற்றச் சொல்லவும் இல்லை.

எதிர்பாராத சண்டை மொழிபெயர்ப்பில் வந்தது. வகுப்பு மலாயில் நடப்பதால் பழந்தமிழை மலாயில் கொடுக்க வேண்டும். "கொண்ட" என்பதை நான் "மெனாவான்" என்று போட்டிருந்தேன், கைப்பற்றினான் என்ற பொருளில். ஒரு பையன் அது "மெஞெராங்", தாக்கினான், அவ்வளவுதான் என்றான். கைப்பற்றினால் ஆண்டிருக்க வேண்டுமே, ஆண்டதாக இந்தத் தாளில் எங்கே இருக்கிறது? தேடினோம். ஊர்ப் பெயர்கள், பிடித்த அரசன், அள்ளிய செல்வம், எல்லாம் இருக்கிறது, ஆண்ட கதை இல்லை. அரை மணி நேரம் ஒரு வினைச்சொல்லுக்காகப் பிள்ளைகள் அடித்துக்கொண்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சரி, செலவுக்கு வருவோம். இந்த நாலு தாளுக்கு எனக்கு மூன்று வாரக் கடைசிகள் போயின. ஒருமுறை செய்தால் ஆண்டாண்டுக்கும் உதவும் என்பது ஆறுதல். எஸ்.பி.எம்மில் உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகளுக்கு ஓரளவு கைகொடுக்கும், உண்மைத் தகவல்களை மனப்பாடம் செய்யும் வேலையை இது செய்யாது.

இன்னொரு செலவு மறைந்தே இருக்கும். வட அயர்லாந்தில் கத்தோலிக்கப் பிள்ளைகளும் புரொட்டஸ்டண்ட் பிள்ளைகளும் பெரும்பாலும் தனித்தனிப் பள்ளியில் படிக்கிறார்கள், நம் தொடக்கப்பள்ளி மாதிரி. அங்கே சரித்திரப் பாடத்தைச் சான்று அடிப்படையில், சமநிலையாக அமைத்து நெடுங்காலம் ஆகிறது. கீத் பார்ட்டன், ஆலன் மக்கலி என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர்களிடம் பேசிப் பார்த்தபோது, பலர் பள்ளியில் படித்ததிலிருந்து தங்கள் தரப்புக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கியெடுத்துத் தரப்பை இன்னும் பலப்படுத்திக்கொண்டது தெரிந்தது. கத்தியைத் தீட்டிக் கொடுத்தோம், அவர்கள் அடுத்தவன் காய்கறியை மட்டும் நறுக்கினார்கள். அதனால் என் வகுப்பில் ஒரு கட்டாயம் உண்டு: உனக்கு எந்தத் தாள் இனிக்கிறதோ அதை நீதான் முதலில் குடைய வேண்டும்.

## வழி 4: தாத்தா பாட்டியிடம் கேட்டு வருவது

செலவே இல்லை, கைப்பேசி போதும் என்று எல்லாரும் முதலில் இதில்தான் குதிக்கிறார்கள். செலவு அதிகமானது இதுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பாடநூலில் இரண்டு வரியில் முடிவது இங்கே உயிரோடு வரும். 1942-43இல் ஜப்பான்காரன் தோட்டங்களிலிருந்து ஆளைப் பிடித்துக்கொண்டுபோய்ப் போட வைத்த சயாம் மரண ரயில் பாதை 415 கிலோமீட்டர். பலகாரம் சுட்டுக்கொண்டே பாட்டி, காலையில் தோட்டத்து ஆளைக் கணக்கெடுக்கும் பெரட்டைச் சொல்லி, "எங்கப்பா பெரட்டுக்குப் போனவரு, திரும்பி வரல" என்று சொல்லும்போது அந்த எண் வேறு மாதிரி ஆகிவிடும். எங்கள் பீடோங்கிலேயே, ஹார்வார்ட் தோட்டத்தில் தொண்டர் படை உருவாகி, 1947 தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியல் போலீஸ் மோதலில் முடிந்த கதை இருக்கிறது. என் வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியாது, அந்த வழியாகத்தான் தினமும் பஸ்ஸில் போகிறார்கள்.

இனி செலவு. ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க நாலைந்து மணி நேரம் ஆகும். 1943இல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது, அதனால் பெரும்பாலும் கிடைப்பது கேட்டவர் சொல்லக் கேட்டது. ஜப்பான்காரன் காலமும் கம்யூனிஸ்ட் காலமும் ஒரே கதையாகக் கலந்திருக்கும். அழுகிற பாட்டியை அப்படியே விட்டுவிட்டுப் பதினாறு வயதுப் பிள்ளை எழுந்து வர முடியாது, அதற்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை.

நான் சூடு பட்ட இடமும் இதுதான். ஒரு பையன் தாத்தாவின் பதிவைக் கொண்டுவந்தான், நான் முன்கூட்டிக் கேட்காமல் வகுப்பில் போடச் சொன்னேன். மூன்றாவது நிமிடத்தில் தாத்தா இன்னொரு இனத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். நிறுத்துவதற்குள் எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. அடுத்த வாரம் இரண்டு பிள்ளைகள் வரவில்லை, அவர்களில் ஒருத்தி திரும்பவே இல்லை. குற்றம் தாத்தாவுடையது என்று சொல்ல மாட்டேன். கேட்காமல் போட்டது நான்.

இப்போது ஒரே கேள்வியோடு அனுப்புகிறேன்: "உங்கள் குடும்பம் இந்த ஊருக்கு எப்படி வந்தது?" தமிழ் வீட்டில் தோட்டம் துண்டாடப்பட்ட கதை, லயத்தைக் காலி செய்த கதை வரும். சீன வீட்டில் புதுக்கிராமத்துக்கு லாரியில் ஏற்றப்பட்ட கதை. மலாய் வீட்டில் நிலம் தேடிப் பெல்டா என்னும் அரசாங்க நிலக் குடியேற்றத்துக்குப் போன சித்தப்பா கதை. எல்லாரும் ஏதோ ஒரு நாள் மூட்டை கட்டியவர்கள். பெற்றோருக்கே நினைவிருக்கும் காலம் என்பதால் சரிபார்க்கவும் முடியும்.

## ஒரே பார்வையில்

| | யாருக்கு ஏற்றது | ஆசிரியர் நேரம் | தேர்வுக்கு | மறைசெலவு |
|---|---|---|---|---|
| பாடநூல் | படிவம் 5, கடைசி மாதங்கள் | குறைவு | நேரடி உதவி | வீட்டுக் கதை கேள்வியின்றித் தங்கும் |
| இரு கதை | பழகிவிட்ட கலந்த வகுப்பு | நடுத்தரம் | சுமார் | பிள்ளைகள் கட்சி பிரிவது |
| சான்று | புதிய கலந்த வகுப்பு, படிவம் 3 முதல் | முதல்முறை மிக அதிகம் | ஓரளவு | அடுத்தவரை மட்டும் சந்தேகிப்பது |
| வாய்மொழி | சிறு குழு, விடுமுறைக் காலம் | அதிகம், தொடர்ந்து | இல்லை | காயம், புகார், கலந்த நினைவு |

## அப்படியானால் யார் எதை எடுப்பது

டீச்சருக்கு: உங்களுடையது கலந்த வகுப்பு, வாரத்தில் சில பாடவேளைகள், தலைக்கு மேல் எஸ்.பி.எம். பாடநூலை விடாதீர்கள். தவணைக்கு ஒரே ஒரு சான்றுத் தொகுப்பு, அதுவும் தூரத்துக் காலத்திலிருந்து. 1969ஐ முதல் ஆண்டில் தொடவே வேண்டாம். கோழைத்தனம் என்று சிலர் சொல்வார்கள், சொல்லட்டும். 1025இல் தன் தாளைத் தானே குடையப் பழகாத பிள்ளை 1969இல் குடையப் போவதில்லை. தாள்களை வகுப்புக்கு முந்தைய வாரமே வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள், தலைமையாசிரியர் மேசையிலும் ஒரு படி வையுங்கள். பெற்றோர் புகாரில் பாதி, பிள்ளை வீட்டில் அரைகுறையாகச் சொன்னதால் வருவது.

தம்பிக்கு: உங்கள் மன்றத்தில் எதிர்த்துப் பேச ஆளில்லை, அதனால் எளிது என்று நினைக்கிறீர்கள். எனக்கு அதுதான் கஷ்டமான வகுப்பு. வாய்மொழியில் தொடங்குங்கள், பிள்ளைகளுக்கு ஆர்வம் வரும், தேர்வுத் தொல்லையும் உங்களுக்கு இல்லை. ஆனால் ஒவ்வொரு பதிவோடும் அதற்கு ஒத்துவராத ஒரு தாளைச் சேர்த்து வையுங்கள். துரை கொடுமைக்காரன் என்று பாட்டி சொன்னால், அந்தத் துரைக்கும் லயத்துக்கும் நடுவில் நின்று பிரம்பு பிடித்த கங்காணி யார் வீட்டுப் பிள்ளை என்றும் கேட்க வையுங்கள். கைதட்டல் கொஞ்சம் குறையும்.

டீச்சருக்குக் கடாரத் தாள் நாலையும் அனுப்பியாயிற்று. முதல் தாளில் "மெனாவான்" இருந்த இடத்தை மட்டும் அழித்துவிட்டுக் கோடு போட்டு விட்டிருக்கிறேன், அவர் வகுப்பு என்ன எழுதுகிறது என்று எனக்குத் திருப்பி அனுப்பச் சொல்லி.